கடல்கடந்த கம்பம்



நான் சிறுவனாகப் பயின்ற பள்ளியின் சுவரில் பழைய உலகப் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு முன் அச்சிடப்பட்ட படம் அது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. எனினும், புதிய படம் வாங்கப் பள்ளியில் பணமில்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும், இந்தியாவும் பர்மாவும், இலங்கையும் மலேயாவும் அதில் ஒரே செந்நிறச் சாயலில் தீட்டப்பட்டிருந்தன. அவற்றிற்கெல்லாம் உடைமையாளரான நாடோ, படத்தின் மேற்பகுதியில், விரல் நுனியால் மறைத்துவிடத்தக்க ஒரு சிறு தீவாக இருந்தது. "இவையெல்லாம் ஆங்கிலேயரின் கடல்கடந்த நாடுகளாக இருந்தவை" என்று ஆசிரியர் பிரம்பால் சுட்டிக் காட்டுவார். கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் மண் தரையில் அமர்ந்திருந்த எங்களுக்குக் கடல் என்பதே செவிவழியாக அறிந்த பொருள். ஆதலால், கடல்கடந்த நாடு என்றால் எங்கோ தொலைவில், நமக்குத் தொடர்பில்லாத மக்கள் வாழும் இடம் என்றே நான் எண்ணிக்கொண்டேன்.

அச்சொல்லின் பொருள் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கிற்று. இலண்டன் மாநகரில் அமர்ந்து பேரரசின் கணக்கை எழுதியவர்க்குக் கடலுக்கு அப்பாற்பட்ட நிலம் எது? நாங்கள் அமர்ந்திருந்த அந்த மண் தரையே அது. கம்பமும் கூடலூரும், போடியும் தேனியும் அவர்களுடைய கடல்கடந்த நாடுகள். நாமே அந்தத் 'தொலைவு'. இந்த உண்மையை மனத்திற்கொண்டு நம் பள்ளத்தாக்கின் கடந்த காலத்தை நோக்கினால், பாடநூல்களில் காணாத வரலாறு ஒன்று நம் வாசலிலேயே கிடப்பதைக் காணலாம். அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டம் 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவாயிற்று. அதன் தென்மேற்குப் பகுதியே கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே சுவர்போல் எழுந்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவே சுருளியாறு பாய, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் மேற்கு மலையின் முகடு வெறும் மலைமுகடாக இருக்கவில்லை. அதுவே ஓர் எல்லைக்கோடு. அதற்குக் கிழக்கே, சென்னை இராஜதானி. ஆங்கிலேயர் நேரே ஆண்ட நிலம். அதற்கு மேற்கே, திருவிதாங்கூர் சமஸ்தானம். மகாராஜா ஆண்ட நிலம்.

தேசப்படங்களில் ஆங்கிலேயர் நேரே ஆண்ட பகுதிகளைச் செந்நிறத்திலும் சமஸ்தானங்களை மஞ்சள் நிறத்திலும் தீட்டுவது வழக்கம். அந்த மஞ்சளைக் கண்டு, அங்கெல்லாம் ஆங்கிலேயர் ஆட்சி இல்லை என்று எண்ணிவிடுதல் பிழை. 1805-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு திருவிதாங்கூர் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மகாராஜா ஆண்டுதோறும் கம்பெனிக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டும்; ரெஸிடெண்டு என்னும் ஆங்கிலப் பிரதிநிதியின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும். அரியணையில் அமர்ந்தவர் ஒருவர். அதன் பின்னே நின்றவர் வேறொருவர். பேரரசு இவ்வாறு இரு வகையாக ஆண்டது: ஒன்று கண்ணுக்குத் தெரிந்த ஆட்சி, மற்றொன்று திரைக்குப் பின் நின்ற ஆட்சி. இவ்விரண்டும் கைகோத்துக்கொண்ட இடம் நம் குமுளி மலை.

அவை கைகோத்த காரணம் தண்ணீர். வைகை வானம் பார்த்த ஆறு. மழை பொய்த்தால் மதுரைச் சீமை வாடும். 1876-ஆம் ஆண்டில் தொடங்கி 1878 வரை நீடித்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் கூறுவர். தென்னாட்டில் இலட்சக்கணக்கான மக்கள் அதில் மாண்டனர். பஞ்சம் பரவிக்கொண்டிருந்தபோதே, 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, தில்லியில் இராஜப் பிரதிநிதி லிட்டன் பிரபு பெருந்தர்பார் ஒன்றைக் கூட்டி, விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசி என அறிவித்தார். கஞ்சித் தொட்டிகளும் நிவாரண வேலைகளும் நடந்தன என்பது மெய்யே. ஆனால், சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, கல்லுடைக்கும் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுமிருந்தது. பட்டினிக்கு அஞ்சி மக்களும் கப்பலேறினர். அவ்வாண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர் தொகை பெருகிற்று. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

மேற்கு மலையின் மறுபக்கத்தில் பெரியாறு வீணே மேற்கு நோக்கி ஓடுகிறது; அதைக் கிழக்கே திருப்பினால் மதுரைச் சீமை செழிக்கும் என்னும் எண்ணம் ஆங்கிலப் பொறியாளரின் மூளையில் முதலில் தோன்றியதாகப் பலர் கருதுகின்றனர். அவ்வெண்ணம் அதற்கு முற்பட்டது. 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சராகிய முத்திருளப்ப பிள்ளை, ஆட்களை மலைக்கு அனுப்பி இடத்தை ஆராயச் செய்தார்; செலவு மிகுதியாகும் என்பதால் முயற்சி நின்றுபோயிற்று. பின்னர் 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் ஆங்கிலப் பொறியாளர், இது நடவாத காரியம் என்று அறிக்கை எழுதினார். 1850-இல் தொடங்கிய சிறு முயற்சியும் காட்டுக் காய்ச்சலால் கைவிடப்பட்டது. 1867-இல் ரைவ்ஸ் என்பவர் ஒரு திட்டத்தை வகுத்தார். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் அமைந்த பஞ்சக் கமிஷன், 1880-இல் பாசனப் பணிகளை வலியுறுத்தியது. 1882-இல் பணி ஜான் பென்னிகுவிக் என்னும் இராணுவப் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அணை கட்ட வேண்டிய இடமோ திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்தது. ஆகவே, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலப் பேச்சுக்குப் பின், 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒரு குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. குத்தகைக்கு விட்டவர் திருவிதாங்கூர் மகாராஜா. அவர் சார்பில் திவான் இராமையங்கார் கையெழுத்திட்டார். குத்தகைக்குப் பெற்றவர் யார்? மதுரைக் கலெக்டரா? சென்னைக் கவர்னரா? அல்லர். 'இந்தியாவுக்கான அரசுச் செயலாளர்' என்னும் பதவியில் இலண்டனில் வீற்றிருந்த ஆங்கில மந்திரி. அவர் பெயரால் ரெஸிடெண்டு ஹானிங்டன் கையெழுத்திட்டார். நீர் தேங்குவதற்கு 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாயாக 40,000 ரூபாய் குத்தகை. காலம் 999 ஆண்டுகள்.

நண்பர்களே, 999 ஆண்டுகள் என்பது எத்தகைய காலம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். முன்னோக்கிச் சென்றால் அது 2884-ஆம் ஆண்டின் இறுதியில் முடியும். பின்னோக்கிச் சென்றால் 887-ஆம் ஆண்டில் போய் நிற்போம். தஞ்சைப் பெரிய கோயில் அப்போது எழவில்லை. சோழப் பேரரசு தலையெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் கிடைத்த புகழ்பெற்ற பாண்டியர் செப்பேடுகளுள் பெரியது, அதற்குச் சில ஆண்டுகளே பிற்பட்ட இராசசிம்ம பாண்டியன் காலத்தது. ஓர் ஊரைத் தானமாக அளித்ததைச் சொல்லும் செப்பேடு அது. அதை எழுதியவர்கள் சந்திர சூரியர் உள்ளவரை தம் ஆணை நிலைக்கும் என்று நம்பினார்கள். 1886-இல் ஒப்பந்தம் எழுதியவர்களும் அத்தகைய நம்பிக்கையோடுதான் 999 என்னும் எண்ணைத் தாளில் எழுதினார்கள். ஆனால், அதன்பின் 61 ஆண்டுகளில் அவர்களுடைய ஆட்சி இந்நாட்டைவிட்டு அகன்றது. பேரரசு தன்னை நிலையானது என்று கருதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுவதில்லை.

1887-இல் பணி தொடங்கிற்று. சாலையில்லாத காடு, யானைக் கூட்டம், மழைக்காலத்தில் கட்டியதை அடித்துச் செல்லும் வெள்ளம், எல்லாவற்றிற்கும் மேலாக மலேரியாக் காய்ச்சல். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் 1,200 அடி நீளமும், ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரமும் உடைய அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேற்பட்ட சுரங்கம் வெட்டப்பட்டது. அதன் வழியே இறங்கும் நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து, வைகையை அடைகிறது. 1895-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். நோயால் மட்டும் மாண்ட தொழிலாளர் 483 பேர் என்று கணக்குண்டு. அவர்கள் அணையின் அருகிலேயே புதைக்கப்பட்டனர். பொறியாளர் பெயரைப் பள்ளத்தாக்கின் குழந்தையும் அறியும். அந்த 483 பேரில் ஒருவர் பெயரையேனும் அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்?

பென்னிகுவிக்கின் வாழ்க்கையே பேரரசின் வரைபடத்தைப் போன்றது. அவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவருடைய தந்தை கம்பெனிப் படைகளுடன் வந்த தளபதி. 1849-இல் சீக்கியருக்கு எதிராகப் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலாப் போரில் அத்தந்தையும், பதினேழு வயதே நிரம்பிய தமையனும் ஒரே நாளில் மாண்டனர். எட்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த அச்சிறுவன், பின்னாளில் பொறியாளராகி நம் மலைக்கு வந்தார். பெரியாற்றுப் பணி முடிந்தபின், இங்கிலாந்தில் இந்தியாவுக்கான பொறியாளர்களைப் பயிற்றும் கல்லூரிக்குத் தலைவரானார். 1899-இல், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க ஆலோசனை கூற அங்கே சென்றார். பஞ்சாபின் போர்க்களமும், குமுளியின் காடும், பிரிஸ்பேனின் ஆறும் ஒரே குடும்பத்தின் கதையில் இடம் பெறுகின்றன. கடல்கடந்த நாடுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தீவுகளாக இருக்கவில்லை. ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்தில் பயன்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பகுதிக் கல்லூரி ஒன்றில் நான் பேசி முடித்ததும், ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "ஐயா! ஆங்கிலேயர் ஆட்சி இல்லாதிருந்தால் இந்தத் தண்ணீர் நமக்குக் கிடைத்திருக்குமா? அவர்களைக் குறை கூறுவது நன்றி மறப்பதாகாதா?" நேர்மையான கேள்வி அது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைவது அந்த நீரால்தான். தைப்பொங்கல் நாளில் பென்னிகுவிக்கின் பிறந்த நாளையும் சேர்த்துப் பொங்கலிடும் ஊர்கள் இங்கு உண்டு. லோயர் கேம்ப்பில் 2013-இல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. அவர் வாழ்ந்து மறைந்த கேம்பர்லி நகரில் 2022-இல் சிலை எழுந்தது. தம் சொத்தை விற்று அவர் அணையைக் கட்டினார் என்று மக்கள் கூறுவர். ஆவணங்களோ, அது சென்னை அரசாங்கத்தின் பொதுப்பணித்துறைச் செலவில் கட்டப்பட்டதையே காட்டுகின்றன. அரசாங்கத்தின் பணம் எங்கிருந்து வந்தது? இந்நாட்டு உழவர் செலுத்திய தீர்வையிலிருந்து. சொத்தை விற்ற கதை பொய்த்தாலும், அம்மனிதரின் உழைப்பும் உறுதியும் பொய்யாகா. அவருக்கு நாம் நன்றி கூறுவது தகும். அந்த நன்றியைப் பேரரசின் கணக்கில் வரவு வைக்க வேண்டுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி. அதற்கு விடை காண, அதே அரசாங்கம் அதே வட்டாரத்தில் வைத்திருந்த மற்றொரு பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நான் பள்ளியில் பயின்ற நாளில் எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும், எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க மறுப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க வேண்டி வந்தபோதுகூடப் பெருவிரலை மையில் தோய்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, எங்கள் ஆசிரியரிடம் வந்து, தம் பெயரின் நான்கு எழுத்துகளை மட்டும் ஒரு மாதம் முயன்று கற்றுக்கொண்டார். "ஏன் தாத்தா, ரேகை வைத்தால் என்ன?" என்று நான் கேட்டேன். "ஒருமுறை வைத்தது போதும், அப்பா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதன் பொருளைப் பின்னர் நானே தேடி அறிந்தேன்.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது 1871-இல் வடஇந்தியாவில் இயற்றப்பட்டது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை இராஜதானிக்கும் விரிந்தது. ஒரு மனிதர் குற்றம் செய்தாரா என்று அச்சட்டம் கேட்கவில்லை. அவர் எந்தக் குலத்திற் பிறந்தார் என்றே கேட்டது. மதுரைச் சீமையில் பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் மீது அது பாய்ந்தது. ஆடவர்களின் பத்து விரல் ரேகைகளும் பதிவு செய்யப்பட்டன. இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச்சாவடியிலோ சென்று படுக்க வேண்டும். வெளியூர் செல்ல வேண்டுமானால் இராதாரிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உள்பட 16 பேர் மாண்டனர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலர் நெடுநாள் போராடிய பின், 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. நீங்கள் பயிலும் பள்ளியின் பெயர்ப் பலகையில் 'கள்ளர் சீரமைப்பு' என்னும் சொற்கள் இருந்தால், அவை அந்தக் காலத்தின் எச்சம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

விரல் ரேகையின் பயணமும் ஆராயத்தக்கது. வங்காளத்தில் 1858-இல் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, ஒப்பந்தத்தாளில் ஒருவருடைய கைத்தடத்தைப் பதியச் செய்தார். பின்னர் எட்வர்டு ஹென்றி என்பவரின் கீழ்ப் பணியாற்றிய அஜிஸுல் ஹக், ஹேமச் சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்கள், ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தனர். 1897-இல் கல்கத்தாவில் ரேகை அலுவலகம் அமைந்தது. அம்முறை, ஹென்றியின் பெயரையே தாங்கி, 1901-இல் இலண்டன் போலீசின் தலைமையகமாகிய ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது. 1907-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில், இந்தியர்கள் ரேகை பதிந்து சீட்டுப் பெற வேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுந்ததே. அப்போராட்டத்தில் சிறை சென்றவர்களுள் தமிழர் மிகப் பலர். கல்கத்தா, இலண்டன், ஜோகன்னஸ்பர்க், உசிலம்பட்டி என்று நான்கு இடங்களை ஒரு பெருவிரலின் மை இணைத்துவிட்டது. எங்கள் தெருவின் முதியவர் தென்னாப்பிரிக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆயினும், அவரும் அங்குள்ள தமிழரும் ஒரே பேரரசின் ஒரே கருவிக்கு 'முடியாது' என்று விடை கூறியவர்கள்.

இனி, மலைமேல் ஏறுவோம். 1877-ஆம் ஆண்டு, அதாவது பஞ்சம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டில், ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியைப் பெற்றார். காப்பியும் சின்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தபின், தேயிலை அங்கு வேரூன்றிற்று. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி எழுந்தது. அதன் பின்னணியில் இருந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே நிறுவனம். மூணாற்றில் பறித்த தேயிலை எவ்வழியே உலகத்தை அடைந்தது தெரியுமா? நம் போடிநாயக்கனூர் வழியேதான். 1902-இல் அமைத்து, 1908-இல் புதுப்பித்த சிறு இரயில் பாதையில் டாப் ஸ்டேஷன் வரை பெட்டிகள் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வரும். பிறகு துறைமுகம், பிறகு கப்பல், பிறகு இங்கிலாந்தின் தேநீர்க் கோப்பை. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த மலை இரயிலை அழித்துவிட்டது.

பெட்டிகள் இறங்கிய மலையில் மனிதர் ஏறினர். கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, சமவெளித் தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாக நடந்து சென்றனர். கடனை அடைக்க உழைப்பு. உழைப்பின் இடையே மேலும் கடன். அவர்கள் தங்கிய வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்று பெயர். இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலும் அதே கங்காணி, அதே முன்பணம், அதே லயம். ஆங்கிலப் பேரரசு 1834-இல் தன் நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபின், தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீஷியஸ், நேட்டால், பிஜி ஆகிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும், இலங்கைக்கும் மலேயாவுக்கும் பெரும்பாலும் கங்காணி வழியாகவும் தமிழர் சென்றனர். கடல் கடந்தவர்களைப் பற்றியேனும் சில நூல்கள் பேசுகின்றன. கடல் கடவாமல், மலை ஒன்றை மட்டும் கடந்தவர்களோ வரலாற்றின் கணக்கிலேயே அகப்படவில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடி, 70 உயிர்கள் மடிந்தபோது, மாண்டவர்களின் தமிழ்ப் பெயர்களைச் செய்தித்தாளிற் கண்டுதான் பலர், 'இவர்கள் எப்போது அங்கே போனார்கள்?' என்று வியந்தனர்.

பேரரசு விடைபெற்றுச் சென்ற பின்னரும் அதன் கணக்குகள் முடியவில்லை. 1948-இல் இலங்கை அரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டது. தேயிலைப் பெட்டிகளை எண்ணியதுபோல் மனிதரை எண்ணினர். நம் மேற்கு மலையிலோ, 1956-இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, பழைய சமஸ்தானத்தின் எல்லையே இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. 1886-ஆம் ஆண்டுக் குத்தகையும் இறக்கவில்லை. 1970-இல் அது திருத்தப்பட்டு, ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அக்குத்தகை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இதில் நாம் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. நீர் வேண்டும் என்று கம்பத்து உழவன் கவலைப்படுகிறான். பழைய அணையின் கீழ் வாழ்கிறோமே என்று இடுக்கியில் வாழ்பவன் கவலைப்படுகிறான். இருவர் கவலையும் மெய்யானவை. ஆனால், ஒருவரையொருவர் ஐயுறும் இவ்விருவரின் முன்னோருள் எவரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஒரு பக்கம் இலண்டன் மந்திரியின் பெயர். மறு பக்கம், ரெஸிடெண்டின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்ட மகாராஜாவின் பெயர். மக்கள் எவரையும் கேளாமல் எழுதிய ஒரு தாளின் இரு ஓரங்களைப் பற்றிக்கொண்டு இரு மக்கள் நிற்கிறார்கள். இவ்வரலாற்றை இரு பக்கத்து மாணவரும் அறிந்திருந்தால், பேச்சில் வெப்பம் சற்றே தணியும் என்பது என் நம்பிக்கை.

அந்தக் கல்லூரி மாணவருக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, தண்ணீர் கிடைத்தது மெய். ரேகைப் பதிவேடும் மெய். மலைக்கு நடந்து சென்ற கால்களும் மெய். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க வேண்டாம். பென்னிகுவிக்குக்குப் பொங்கலிடுவோம். அதே அடுப்பில் அந்த 483 பேருக்கும் ஒரு பானை வைப்போம். திட்டத்தை முதலில் எண்ணிய முத்திருளப்ப பிள்ளையையும் நினைப்போம். ஆனால், தந்தவர் பேரரசர், பெற்றவர் நாம் என்று மட்டும் எண்ணிவிடாதே. நிலம் இந்நாட்டது, பணம் இந்நாட்டது, உயிரும் இந்நாட்டது."

மாணவ நண்பர்களே, இத்தகைய வரலாறு ஏன் நம் கண்ணிற் படுவதில்லை? பேரரசின் வரலாற்றை இலண்டனிலிருந்து எழுதுவோர்க்குக் கம்பம் மிகத் தொலைவு. தேசத்தின் வரலாற்றைத் தில்லியிலிருந்து எழுதுவோர்க்கும் கம்பம் தொலைவே. பள்ளத்தாக்கிற்குப் பள்ளத்தாக்கே அருகில் உள்ளது. ஆகவே, இப்பணி நம்முடையது. சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் அக்காலத்து அரசாங்கத் தாள்கள் உறங்குகின்றன. உங்கள் ஊரில் வயது முதிர்ந்தோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் செல்லுங்கள். உங்கள் கொள்ளுப்பாட்டனார் எந்தத் தோட்டத்துக்குச் சென்றார், எந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்தார், எந்தக் கால்வாயை வெட்டினார் என்று கேளுங்கள். கேட்டதை நாளும் இடமும் இட்டு எழுதி வையுங்கள். ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒவ்வாததை ஒவ்வாதது என்றே குறித்து வையுங்கள்.

என் பள்ளியின் சுவரிலிருந்த அந்தப் பழைய படம் இப்போது இல்லை. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது அது குப்பைக்குச் சென்றிருக்க வேண்டும். அதில் கம்பம் என்னும் பெயர்கூட அச்சிடப்பட்டிருக்கவில்லை. அளவு சிறிதாகையால் இடமில்லை. அந்தப் பெயரைப் படத்தில் எழுத வேண்டிய கை உங்களுடையது.